டெல்லியில எம்பி ஆபீஸ்ல இன்டர்ன் வேலை, போய் வந்தவங்க இருந்தா சொல்லுங்க

தாமிரபரணிக்கரை:

வணக்கம் மக்களே. எம்ஏ பொலிட்டிக்கல் சயின்ஸ் கடைசி செமஸ்டர் எழுதி முடிச்சாச்சு. எங்க பக்கத்து எம்பி ஒருத்தரோட ஆபீஸ்ல இருந்து, மழைக்காலக் கூட்டத்தொடருக்கு டெல்லி வந்து இன்டர்னா வேலை பாக்குறியான்னு கேட்டிருக்காங்க. மக்களவை எம்பி. பேரு, கட்சி ரெண்டும் வேணாம், அப்புறம் பேச்சு அந்தப் பக்கம் போயிரும். எங்க காலேஜ் கருத்தரங்கத்துக்கு வந்தப்ப நான் கேட்ட கேள்வி அவருக்குப் பிடிச்சுப் போச்சாம், பிஏ கூப்பிட்டு சொன்னாரு.

போகணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா அங்க இன்டர்ன்னா நெசமாவே என்ன வேலை, போட்டோ எடுத்து ட்விட்டர்ல போடுறது மட்டுமா, இல்ல பார்லிமென்ட் வேலை கண்ணுல படுமா? இந்தி சுத்தமா வராது. சம்பளம் கேட்டதுக்கு "வாம்மா, பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. அப்பா உப்பளத்துல கூலிக்கணக்கு எழுதுறவரு, மாசாமாசம் டெல்லிக்குப் பணம் அனுப்புங்கன்னு அவர்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. அம்மா இன்னும் ஒத்துக்கவே இல்ல, பொட்டப்புள்ள தனியா அம்புட்டு தூரமான்னு ஒரே பேச்சு. வேலை, காசு, ரூம் எது தெரிஞ்சாலும் சொல்லுங்க.

பழைய_டெல்லிவாசி:

முதல்ல வாழ்த்துக்கள் தங்கச்சி. ஒரு எம்பி தானே கூப்பிடுறது சாதாரண விஷயம் இல்ல, இதுக்காக எத்தனை பேரு மெயில் மேல மெயில் போட்டு பதிலே வராம உக்காந்திருக்காங்க தெரியுமா. காசப் பத்தி இப்பவே ரொம்ப யோசிக்காத. டெல்லில ஒரு கூட்டத்தொடர் முழுக்க ஒரு எம்பி பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்கு அப்புறம் கதவு தானா திறக்கும். கெளம்பிரு.

கோவை_வாசகன்:

அண்ணா, கோவிச்சுக்காதீங்க, இதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. காசப் பத்தி யோசிக்காதேன்னு யாருக்குச் சொல்றோம்? அப்பா உப்பளத்துல கணக்கு எழுதுறாருன்னு அந்தப் பொண்ணு தெளிவா எழுதியிருக்கு. சம்பளம் இல்லாம டெல்லில மூணு மாசம் இருக்க முடியுறது யாருங்க, வீட்டுல வசதி இருக்கிற பசங்கதான். அவங்களேதான் அப்புறம் சட்டம் எழுதுற எடத்துக்கும், கட்சி ஆபீஸுக்கும், ரிசர்ச் நிறுவனத்துக்கும் போறாங்க, உப்பளத்து வீட்டுப் புள்ளைக்கு அந்தக் கதவு எப்பத்தாங்க திறக்கும். தொழிலாளர் உரிமை பேசுற எம்பி ஆபீஸ்லயே கூலி இல்லாம ஆள் வேலை பாக்குறது சரியே இல்லைங்க. கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு பயப்படாதம்மா, கேளு.

பழைய_டெல்லிவாசி:

நான் இலவசமா வேலை செய்னு சொல்லல தம்பி. வாய்ப்ப விட்றாதன்னுதான் சொல்றேன். ஆனா நீங்க சொல்ற நியாயம் புரியுது, தங்குற செலவாவது அவங்க தரணும்.

கேள்விநேரம்:

நான் ஒரு எம்பிகிட்ட நாடாளுமன்ற வேலைக்கான உதவியாளரா (லெஜிஸ்லேட்டிவ் அசிஸ்டன்ட்) வேலை பாத்தவன், அதனால வேலை என்னன்னு கொஞ்சம் விரிவா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

எம்பி ஆபீஸ்னா பார்லிமென்ட் கட்டிடம்னு நினைச்சுக்காதீங்க. பெரும்பாலும் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ மாதிரி எடத்துல எம்பிக்கு குடுத்த வீட்டோட முன் ரூம்தான் ஆபீஸ். ரெண்டு மூணு டேபிள், ஒரு பிரிண்டர், லெட்டர்ஹெட் கட்டு, நாள் பூரா போன். சபைக்குள்ள போற பாஸ் இன்டர்னுக்கு கிடைக்கும்னு நம்பி போகாதீங்க, சபைய நீங்க நாடாளுமன்ற சேனலான சன்சத் டிவிலதான் அதிகமா பாப்பீங்க. 2023 டிசம்பர் 13-ஆம் தேதி பார்வையாளர் மாடத்துல இருந்து ரெண்டு பேர் உள்ள குதிச்சதுக்கு அப்புறம் பாஸ் விஷயத்துல எல்லாருமே ரொம்ப ஜாக்கிரதை. எம்பி கையெழுத்துல வாங்கின பாஸ்லதான் அவங்க உள்ள வந்திருந்தாங்க. அதனால தொகுதியில இருந்து யாராவது "ஒரு பாஸ் போட்டுக் குடும்மா"ன்னு உங்ககிட்ட கேட்டா நீங்களா எதுவும் ஒத்துக்காதீங்க, பிஏ கிட்ட அனுப்பிடுங்க.

வேலைல பாதி மனு. அப்பாவுக்கு இதய ஆபரேஷன், பிரதமர் நிவாரண நிதிக்கு எம்பி லெட்டர் வேணும்னு வருவாங்க. ஆஸ்பத்திரி குடுத்த செலவு மதிப்பீடு, வருமானச் சான்று எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து லெட்டர் ரெடி பண்ணணும், ஒரு பேப்பர் விட்டுப் போச்சுன்னா திரும்பி வரும், அந்தக் குடும்பத்துக்கு அந்த நாட்கள் ரொம்ப பெருசு. ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட், எமர்ஜென்சி கோட்டாவுக்கு லெட்டர் வேணும்னு தெனமும் வரும், பிஎன்ஆர் ஒரு நம்பர் தப்பாச்சுன்னா அவ்ளோதான். கேந்திரிய வித்யாலயா சீட்டு கேட்டு இன்னமும் வர்றாங்க. எம்பிக்கு இருந்த 10 சீட்டு 2022-லயே எடுத்துட்டாங்கன்னு பொறுமையா சொல்லி அனுப்பணும். தொகுதி நிதி வருஷம் 5 கோடி ரூபாய், அதுல எம்பி வேலையப் பரிந்துரைதான் பண்ண முடியும், செய்யிறது மாவட்ட நிர்வாகம். அந்தக் கடிதம் எல்லாம் எந்த நிலைல இருக்குன்னு ஒரு எக்செல் ஷீட் ஓட்டிட்டே இருக்கணும். இத சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. எந்த ஊர்ல என்ன பிரச்சனைன்னு டிவில தெரியாததெல்லாம் இந்த மனுவுலதான் தெரியும், அப்புறம் நீங்க எழுதப்போற கேள்வியெல்லாம் இங்க இருந்துதான் வரணும்.

அடுத்து அந்தக் கேள்வி. என்னைக் கேட்டா இன்டர்ன் கத்துக்க வேண்டிய தொழில் இதுதான். மக்களவைல காலை 11 மணிக்கு கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரம் இல்லாதது 230. நட்சத்திரம் போட்டதுக்கு அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், துணைக்கேள்வி கேக்கலாம், ஆனா ஒரு மணி நேரத்துல பெரும்பாலும் நாலஞ்சுதான் எடுத்துக்குவாங்க. மத்ததுக்கெல்லாம் எழுத்துல பதில். எந்தக் கேள்வி வரும்ங்கிறது குலுக்கல், முழுசா 15 நாளைக்கு முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்துல இன்ன நாள்னு இருக்கு. அதனால கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிரும், ஜூலைல கூட்டம்னா நீங்க முன்கூட்டியே போய்ச் சேர்றதுதான் நல்லது.

உங்க ஊரு விஷயத்தையே எடுத்துக்குவோம். உப்பு. புதுசா வர்றவங்க என்ன எழுதுவாங்கன்னா "உப்பளத் தொழிலாளர்கள் கஷ்டப்படுவது அரசுக்குத் தெரியுமா, உதவி செய்யுமா?" இதுக்கு என்ன பதில் வரும்னு இப்பவே எழுதிக் குடுத்துரலாம், தொழிலாளர் நலனில் அரசு அக்கறையோட இருக்குன்னு ரெண்டு வரி. கூலியப் பத்தி கேட்டா அது மாநில அரசு நிர்ணயம் பண்றதுன்னு தள்ளி விட்ருவாங்க. மழைக்காலத்துல வேலை இல்லாத நேரத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் குடுக்கிறதும் தமிழ்நாடு அரசுதான், அதையும் அங்க கேக்க முடியாது. ஆனா உப்பு அரசியலமைப்போட ஏழாவது அட்டவணைல ஒன்றியப் பட்டியல்ல, அதாவது ஒன்றிய அரசு சட்டம் போடுற விஷயங்களோட பட்டியல்ல, 58-வதா இருக்கு. உப்பு ஆணையர்னு ஒரு அமைப்பே இருக்கு, வர்த்தக தொழில் அமைச்சகத்துக்குக் கீழ. அப்ப கேள்விய அந்த அமைச்சகத்துக்கு அனுப்புங்க. (அ) கடந்த ஐந்து வருஷத்துல ஆணையர் அமைப்பு மூலமா தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கினது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மாநிலவாரியா, வருஷவாரியா. (ஆ) ஒன்றிய அரசுக்குச் சொந்தமான உப்பள நிலம் மாவட்டவாரியா எவ்வளவு, அதுல குத்தகை முடிஞ்சும் புதுப்பிக்காதது எவ்வளவு. (இ) புதுப்பிக்காததுக்கு காரணம் என்ன. இப்படிக் கேட்டா நம்பர் தந்தே ஆகணும். குஜராத்தையும் நம்மையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். அந்தப் பதில் சபை ஆவணம், பத்திரிகைக்காரங்க எடுப்பாங்க, சங்கத்துக்காரங்க கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், ஒரே அமைச்சகத்து விஷயமா இருக்கணும். அப்பா உப்பளக் கணக்கு எழுதுறவரா இருக்கிறதால எந்த இடத்துல கை வச்சா உண்மை வரும்னு உங்களுக்குத் தெரியும், டெல்லி ஸ்டீபன்ஸ் காலேஜ்ல படிச்சிட்டு வர்ற பையனுக்கு அது தெரியாது. உங்ககிட்ட இருக்கிற பெரிய பலமே அதுதான்.

இது போக மக்களவை விதி 377-ல ஒரு விஷயத்த 250 வார்த்தைல எழுதிக் குடுக்கலாம், கேள்வி நேரம் முடிஞ்சு அவசர விஷயம் பேசுற ஜீரோ ஹவர் இருக்கு, வெள்ளிக்கிழமை மதியம் அமைச்சரா இல்லாத எம்பி கொண்டு வர்ற தனிநபர் மசோதா இருக்கு. தனிநபர் மசோதான்னதும் எதுக்கு வெட்டி வேலைம்பாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் 14-தான் சட்டமாச்சு, கடைசியா ஆனது 1970-ல. ஆனா திமுக எம்பி திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல்ல மாநிலங்களவைல நிறைவேறுச்சு, மக்களவைல நிறைவேறல, ஆனாலும் அதுக்கப்புறம் அரசாங்கம் அந்த விஷயத்துல சும்மா இருக்க முடியல. ஒரு மசோதாவ எழுதிப் பாத்தா சட்டம் எப்படிக் கட்டுறாங்கன்னு புரியும், அதுக்காகவாவது கேட்டு வாங்கிச் செய்ங்க.

முனிர்கா_தமிழன்:

யப்பா எவ்ளோ விவரம். சேவ் பண்ணிக்கிட்டேன்.

ரூம் பத்தி நான் சொல்றேன். ஆபீஸ் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ பக்கம்னா உங்களுக்கு மெட்ரோ சென்ட்ரல் செக்ரடேரியட். மஞ்சள் லைன்லயும் வயலட் லைன்லயும் இருக்கு. அதனால மஞ்சள் லைன்ல மாளவியா நகர் பக்கம் பிஜி (பேயிங் கெஸ்ட் ரூம்) பாத்தா வண்டி மாறவே வேணாம். லக்ஷ்மி நகர்ல வாடகை கொறவு, ஆனா நீல லைன்ல வந்து மண்டி ஹவுஸ்ல மாறணும். கரோல் பாக், ராஜீந்தர் நகர் பக்கம் யுபிஎஸ்சி பசங்க கூட்டம், நம்ம ஊர்ப் பிள்ளைங்க நெறைய, துணைக்கு நல்லது, ஆனா ரூம் சின்னதா இருந்துக்கிட்டு வாடகை ஏறிப்போய் இருக்கும். பேஸ்மென்ட் ரூம் மட்டும் வேணவே வேணாம், எவ்ளோ கம்மியா சொன்னாலும். 2024 ஜூலைல ராஜீந்தர் நகர்ல கோச்சிங் சென்டர் பேஸ்மென்ட்ல தண்ணி புகுந்து மூணு பேர் செத்தாங்க, நீங்க போறதும் அதே மழைக்காலம்.

ஓனர் போலீஸ் வெரிஃபிகேஷன் கேப்பாரு, ஆதார் காப்பி, போட்டோ எடுத்துட்டுப் போங்க. நேர்ல பாக்காம யாருக்கும் ஜிபே-ல அட்வான்ஸ் போடாதீங்க, இது ரொம்ப முக்கியம், போட்டோ காட்டி ஏமாத்துறவங்க நெறைய பேரு. முதல் வாரம் எங்கயாவது தெரிஞ்சவங்க வீட்ல தங்கிட்டு, காலைல ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு தடவை தெருவைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அம்மாகிட்ட சொல்ல ஆர்.கே.புரம்னு ஒரு பேரு வச்சுக்கோங்க. டெல்லித் தமிழ்ச் சங்கம் அங்கதான், மலை மந்திர் முருகன் கோயிலும் அங்கதான், அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்க வீட்டுல ஒரு ரூம் வாடகைக்குக் கிடைச்சா அம்மா கொஞ்சம் ஒத்துக்குவாங்க.

இந்தி: ஆபீஸ் வேலை இங்கிலீஷ்லதான். சபைல நம்மாளுங்க தமிழ்ல பேசுறாங்க, உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் இருக்கு. ஆட்டோ, ஓனர், காய்கறிக்காரர் இவங்களுக்கு வேண்டிய இந்தி தானா வந்துரும். ஆனா அமைச்சகத்துக்குப் போன் போட்டு ஃபைல் எங்க இருக்குன்னு கேக்குறப்ப கீழ் மட்டத்துல இந்திதான் பேசுவாங்க, அதுக்கு நாலு வாக்கியம் எழுதி வச்சுக்கோங்க.

வழக்குரைஞர்_அக்கா:

நல்ல இழை. யாரும் தொடாத மூணு விஷயம் இருக்கும்மா.

முதல் விஷயம், "பாத்துக்கலாம்"னு சொன்னதை அப்படியே விடாதே. சண்டை போட வேணாம், மரியாதையா ஒரு மெயில் போடு. எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், வேலை நேரம், மாச உதவித்தொகை எவ்ளோ, ரயில் டிக்கெட் யாரு போடுவாங்க, நான் யாருக்குக் கீழ வேலை பாக்குறேன், கடைசில அனுபவச் சான்று லெட்டர்ஹெட்ல கிடைக்குமா. இதுக்கு பதில் எழுத்துல வந்தா நல்ல ஆபீஸ். சுத்தி வளைச்சா அதுவே உனக்கு பதில். அப்படி ஒத்து வரலைன்னா லாம்ப் ஃபெலோஷிப் இருக்கு, பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்ங்கிற நாடாளுமன்ற ஆய்வு நிறுவனம் 2010-ல இருந்து நடத்துறாங்க, மழைக்காலக் கூட்டத்துல ஆரம்பிச்சு பட்ஜெட் கூட்டம் வரைக்கும் ஒரு எம்பியோட வேலை, மாசம் உதவித்தொகை உண்டு, டிகிரி இருக்கணும், வயசு 25-க்குள்ள இருக்கணும். இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம் போடு. கோவைத் தம்பி சொல்ற நியாயத்துக்கு இப்போதைக்கு இருக்கிற வழி இந்த மாதிரி உதவித்தொகை உள்ள எடங்கள்தான்.

ரெண்டாவது, எம்பியோட பார்லிமென்ட் போர்ட்டல் லாகின், பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் கைல வாங்காதே. "நீயே கேள்விய ஏத்திரும்மா"ன்னு பிஸியான நேரத்துல சொல்லுவாங்க. 2023 டிசம்பர்ல லாகின் வெளியாள் கைக்குப் போன விவகாரத்துல ஒரு எம்பி பதவியையே எடுத்துட்டாங்க. நீ வேர்ட் ஃபைல்ல எழுதிக் குடு, ஏத்துறது அவரு வேலை. அதே மாதிரி நிலைக்குழு பேப்பர். துறைவாரி நிலைக்குழு 24 இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 31 பேரு, அவங்க கூட்டம் மூடின அறைல நடக்கும், அறிக்கை சபைல வைக்கிற வரைக்கும் அந்தக் காகிதம் எல்லாம் ரகசியம். ஃப்ரெண்டு பத்திரிகைல இருக்கான்னு ஒரு பக்கத்த வாட்ஸ்அப்ல அனுப்பினாக்கூட சபையோட உரிமைய மீறின பிரச்சனைல போய் நிக்கும்.

மூணாவது, அம்மாவோட பயத்தை ஊருக்குப் புதுசுங்கிற பயம்னு மட்டும் நினைக்காதே. அரசியல் ஆபீஸ்ல ராத்திரி வேலை, கார்ல கூடப் போறது, கட்சிக்காரங்க வந்து போறது எல்லாம் இருக்கும். 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உனக்கும் பொருந்தும், சம்பளம் வாங்குறியா இல்லையாங்கிறது கணக்கே இல்ல, பயிற்சிக்கு வர்றவங்களும் அதுல வர்றாங்க. பத்துப் பேருக்குக் கொறவா இருக்கிற ஆபீஸ்ல உள்புகார் குழு இருக்காது, அதனால மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர்க் குழுவுக்கு எழுதணும், சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள. எம்பி வீட்டு ஆபீஸ் பெரும்பாலும் இந்த வகைதான். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி 181. போறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல ஏற்கனவே இருந்த ஒரு பொண்ணுகிட்ட போன்ல பேசு. நம்பர் கேட்டா பிஏ எப்படி எடுத்துக்குறாருன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிரும்.

கோவை_வாசகன்:

அக்கா, லாம்ப் மாதிரி சீட்டு எத்தனை பேருக்குங்க கிடைக்கும். ஒவ்வொரு எம்பிக்கும் அலுவலகச் செலவுக்குன்னு அரசாங்கமே தனியா காசு குடுக்குது, உதவியாளருக்குச் சம்பளமும் அதுலதானுங்க வருது. அதுல ஒரு பங்கு இன்டர்னுக்குப் போகணும்னு நம்ம 39 மக்களவை எம்பிகளும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தா எவ்ளோ நல்லா இருக்கும். ஆனா மெயில் போடுன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி.

கேள்விநேரம்:

அத சபாநாயகருக்கு ஒரு கடிதமா அனுப்பலாம் தம்பி. இத ஒரு எம்பி முன்னெடுத்தா நான் டிராஃப்ட் பண்ணித் தர்றேன், சும்மா சொல்லல.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், கைகால் எல்லாம் நடுங்கிருச்சு. இன்னைக்கு பதில் வந்துருக்கு. ரயில் டிக்கெட் அவங்க போடுறாங்களாம், மாசம் ஒரு தொகை தர்றேன்னு எழுத்துலயே போட்ருக்காங்க. பிஜி வாடகையும் சாப்பாடும் சரியா இருக்கும், கையில மிஞ்சாது, ஆனா அப்பாகிட்ட கேக்க வேண்டி வராது. சான்றிதழ் உண்டு. கூட்டம் ஆரம்பிக்க மூணு வாரம் முன்னாடியே வரச் சொல்லியிருக்காங்க. போன வருஷம் அங்க இருந்த ஒரு அக்கா நம்பரையும் பிஏ உடனே குடுத்தாரு, அவங்ககிட்ட அம்மாவே பேசிட்டாங்க. ஆர்.கே.புரம்னு சொன்னதுக்கு அப்புறம் அம்மா முகம் கொஞ்சம் மாறுச்சு, முழுசா ஒத்துக்கல, ஆனா பை எடுத்து வைக்கலாம்னு சொல்லிட்டாங்க.

கேள்விநேரம் அண்ணா, உப்பளக் கேள்விய அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். குத்தகைய விட, வேலை செய்யிறவங்கள்ல எத்தனை பேருக்கு கண் பரிசோதனை, கண்ணாடி, பூட்ஸ் குடுத்தாங்கன்னு கேளு, பேப்பர்ல குடுத்ததா இருக்கும் ஆனா எங்க அளத்துல யாரும் வாங்கினது இல்லன்னு சொன்னாரு. இத (அ)-ல சேக்கலாமா, இல்ல தனிக் கேள்வியா போடணுமா?

கேள்விநேரம்:

தனியா போடுங்க. அதுவும் மாவட்டவாரியா, வருஷவாரியா, பயனாளிகள் எண்ணிக்கையோட, பொருளை வழங்கின நிறுவனம் எதுன்னும் கேளுங்க. அப்பா சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்க, ரெண்டு பேருமா உக்காந்து 150 வார்த்தைக்குள்ள கொண்டு வந்துரலாம்.

முனிர்கா_தமிழன்:

ரயில் தேதி முடிவானதும் சொல்லுங்க தங்கச்சி, ஸ்டேஷனுக்கு என் மனைவியும் நானும் வர்றோம். ஆர்.கே.புரத்துல ஒரு வீட்ல ரூம் காலியாகுதுன்னு கேள்விப்பட்டேன், நேர்ல பாத்துட்டு எழுதுறேன்.